தனியறையில் இரண்டு கடிதங்கள்

இலவசமாகக் கிடைக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நான் எதையும் வீட்டுக்குள் விடுபவன் அல்லன். ஞாயிற்றுக்கிழமைதோறும் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, கணினியைத் திறந்து, வைரஸ் தடுப்பு மென்பொருளைப் புதுப்பித்த பிறகுதான் செய்தித்தாளைக் கையில் எடுப்பேன். மனைவி காலமான ஆண்டில் அந்தக் கணினியை வாங்கினேன். அன்றுமுதல் இந்த ஒழுங்கு ஒரு வாரமும் தவறியதில்லை.

சாய்பிரசாத், நடந்ததை வரிசையாக, ஒன்றும் விடாமல் எழுதித் தரச் சொன்னாய். நியாயமான கோரிக்கைதான். பிற்பாடு வேறு யாரேனும் படிக்க நேரலாம் என்பதால் உனக்குத் தெரிந்தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் பெயர் ஹாலாஸ்யம். ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒத்தக்கடையில் உங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. உன் தங்கை இந்துப்ரியாவுக்குப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் பாடம் நடத்தினேன். 2005 தீபாவளிக்கு நீ மஸ்கட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் உன் அப்பா நாகசுப்பிரமணியன் கணினி வாங்கினார். கோரிப்பாளையத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் பெண் பிள்ளை போய்வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. வாங்கிய மூன்றாம் வாரமே அதில் வைரஸ் புகுந்துவிட்டது. உங்கள் பட்டறையில் சாயமேற்றும் சுங்குடிச் சேலைகளின் படங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அவர் என்னிடம் ஓடிவந்தார்.

நான் அவசரப்படவில்லை. கணினிப் பத்திரிகைகளோடு வரும் குறுந்தகடுகளிலிருந்து நான்கு இலவசத் தடுப்பு மென்பொருள்களை எடுத்து, என் கணினியில் ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன். ஒன்று கணினியையே படுக்கவைத்தது. இன்னொன்று பத்து நாள் இனிக்க இனிக்கப் பேசிவிட்டு, பிறகு பணம் கேட்டது. மூன்றாவது, நல்ல கோப்பையும் கெட்ட கோப்பையும் பார்த்து ஒரே குரலில் அலறியது. நான்காவது அமைதியானது. சந்தேகப்பட்டதை அழிக்காமல் ஒரு தனியறையில் பூட்டிவைக்கும். அறையைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டும். அதையே தேர்ந்தெடுத்தேன். கூடவே ஓர் இலவச ஃபயர்வாலும் போட்டேன். எந்த நிரல் உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று அது ஒவ்வொரு முறையும் கேட்கும்.

அந்தக் கேள்விகள்தாம் உங்கள் வீட்டைக் கலங்க வைத்தன. உன் அப்பா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுவார்.

"சார், பொட்டி மறுபடியும் கேள்வி கேக்குது. ஆமான்னு அமுக்கவா, இல்லைன்னு அமுக்கவா? எங்க வீட்டம்மாகூட இம்புட்டுக் கேள்வி கேக்க மாட்டா சார்."

"நான் கேட்டா மட்டும் பதில் சொல்லிருவீகளாக்கும்?" என்பார் உள்ளேயிருந்து உன் அம்மா ஹம்சவேணி.

ஆகவே கேள்விகள் வராமல், எல்லா முடிவும் கடவுச்சொல் வைத்திருப்பவரைச் சேரும்படி மாற்றி அமைத்தேன். கடவுச்சொல்லை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னவர் உன் அப்பா. நம் தெருவில் ஒன்பது வீடுகளில் அப்படித்தான். வாத்தியாரிடம் இருந்தால் தொலையாது என்பார்கள். அன்று அவருக்கு ஒரு கதை சொன்னேன். ஒரு குளத்து மீன்கள், மதகு வழியாகப் பாம்பு வருகிறதென்று பயந்து, ஒரு கிழட்டு ஆமையைக் காவலுக்கு வைத்தன. ஆமை மதகை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. அதன்பின் பாம்பு வரவில்லை.

"ஆமைக்குச் சாப்பாடு யாரு சார் போட்டா?" என்று உன் அப்பா சிரித்தார்.

"ஆமை எதுவும் கேட்காது" என்றேன்.

இந்துப்ரியா எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருந்தாள். உங்கள் சாயப்பட்டறைகளிலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் வழியை ஆராய வேண்டும் என்பது அவள் ஆசை. ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு முழு உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தாள். விண்ணப்பக் கட்டுரையை நான்தான் திருத்திக் கொடுத்தேன், ஐந்து முறை. அதில் ஒரு பிழையும் இல்லை.

மாலை நான்கு முதல் ஆறு வரை உங்கள் கூடத்தில் என் நீதிக்கதைகளை அவள் தட்டச்சு செய்வாள். மொத்தம் நூறு கதைகள். எனக்குக் கண்புரை, தமிழ் விசைகள் பிடிபடவில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். சில இடங்களில் நிறுத்தி, "சார், இந்த நரி இங்க இப்படிப் பேசாது" என்பாள். பெரும்பாலும் அவள் சொல்வதே சரியாக இருக்கும். உன் அம்மா காபி கொண்டுவருவார். ஏப்ரல் மாதம் வரை அறுபத்தொரு கதைகள் முடிந்திருந்தன.

உன் அப்பா என் முன்னால் வைத்தே அவளிடம் சொன்னார்: "மே முப்பத்தொண்ணுக்குள்ள அங்கருந்து லெட்டர் வந்துச்சுன்னா நானே ஏரோப்ளேன் ஏத்தி விடுறேன். வரலைன்னா பரமக்குடி சம்பந்தத்த முடிச்சிருவேன். அப்புறம் அழக் கூடாது. சார்தான் சாட்சி."

"வரும்ப்பா" என்றாள் அவள்.

கடிதம் ஏப்ரல் பதினெட்டாம் தேதி மின்னஞ்சலில் வந்தது.

அதை நான் தடுக்கவில்லை. இதில் நீ தெளிவாக இருக்க வேண்டும். கடிதத்தோடு மூன்று இணைப்புகள் இருந்தன. முன்பின் அறியாத முகவரியிலிருந்து வந்ததால் மென்பொருளே அதைப் பிடித்துத் தனியறையில் போட்டது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணினியைப் புதுப்பிக்க வந்தபோது அறையைத் திறந்து பார்த்தேன். இடம் உண்டு, உதவித்தொகை உண்டு, மே பன்னிரண்டுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நல்ல ஆங்கிலம். இரண்டு முறை வாசித்தேன்.

அன்றே வெளியே எடுத்துக் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் உன் அம்மா அப்போது காபி கொண்டுவந்தார். இந்துப்ரியா, "இன்னைக்கி எந்தக் கதை சார்?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கொடுப்போம் என்று அறையை மூடினேன். குளிர் நாடு, தனியாக இருக்க வேண்டியவள், ஆஸ்துமா உள்ள பெண். இவற்றையெல்லாம் அவள் வீட்டார் யோசித்ததாகத் தெரியவில்லை. யாராவது ஒருவர் யோசிக்க வேண்டும் அல்லவா?

மே முதல் வாரத்தில் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. உன் அப்பாவுக்குத் தெரியாமல் கோரிப்பாளையம் போய், பிரவுசிங் சென்டரில் தன் அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தாள். அது காலியாக இருந்தது. வருகிற கடிதங்களையெல்லாம் உங்கள் வீட்டுக் கணினி முன்னதாகவே இறக்கிக்கொண்டுவிடும், அங்கே ஒன்றும் மிஞ்சாது என்பது அவளுக்குத் தெரியாது. பிறகு என்னிடம் வந்தாள்.

"சார், நானே ஒரு மெயில் போட்டுக் கேக்கட்டுமா? இல்ல, போன் பண்ணவா? ஐஎஸ்டி பூத்துல அஞ்சு நிமிஷம் பேசுனாப் போதும்."

அவர்கள் ஒழுங்கை மதிக்கிறவர்கள் என்றும், நச்சரிப்பவர்களை அவர்களுக்குப் பிடிக்காது என்றும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். பள்ளி நாளிலிருந்தே நான் சொன்னதை மறுத்ததில்லை. அன்று நாங்கள் இரண்டு கதைகள் முடித்தோம். தட்டச்சில் பிழைகள் அதிகம்.

மே ஒன்பதாம் தேதி பல்கலைக்கழகத்தார் ஒரு நினைவூட்டல் அனுப்பினார்கள். அதில் இணைப்பு எதுவும் இல்லை. மென்பொருள் அதைப் பிடிக்க எந்தக் காரணமும் இல்லை. பிடிக்கவும் செய்யாது. அதனால்தான் அதற்கு நான்கு நாள் முன்னதாகவே, அந்தப் பல்கலைக்கழகத்தின் முகவரியிலிருந்து எது வந்தாலும் தனியறைக்குப் போகவேண்டும் என்று நான் ஒரு விதி எழுதிவைத்திருந்தேன். எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் கடிதத்தைப் பிடித்தது மென்பொருள். இரண்டாவதைப் பிடித்தவன் நான்.

மே முப்பத்தொன்று அன்று அவள் கணினி முன்னால் காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் உன் அப்பா வந்து மெதுவாக அதை அணைத்தார். ஆனி மாதத்தில் திருமணம். தாலி கட்டும் நேரத்தில் முன்வரிசையில் நின்று அட்சதை போட்டேன். திருமணத்துக்கு முந்தைய வாரம்வரை அவள் தட்டச்சு செய்தாள். தொண்ணூற்று நான்கு கதைகள் ஆகியிருந்தன. பரமக்குடி இவ்வளவு தூரம் என்பதை நான் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டேன். மாதம் ஒருமுறை வருவாள் என்று நினைத்திருந்தேன். புகுந்த வீட்டார் அனுப்பவில்லை.

ஒன்பது மாதம் கழித்து, போன சனிக்கிழமை, இரண்டு பெட்டிகளோடு திரும்பி வந்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை விடுப்பில் வந்த நீ, கணினியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று கடவுச்சொல்லைக் கேட்டாய். உடனே கொடுத்தேன். மறைக்க வேண்டியது ஏதாவது இருந்திருந்தால் அந்த இரண்டு கடிதங்களையும் எப்போதோ அழித்திருப்பேனே. தனியறையின் நோக்கம் அழிப்பதல்ல, பத்திரமாக வைத்திருப்பது. அவற்றைப் படித்த பிறகு என் வாசலில் வந்து நின்று நீ கேட்டது ஒரே கேள்வி: "எப்படி சார் மனசு வந்துச்சு?" அதற்கான பதிலைத்தான் இதுவரை எழுதினேன்.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நீ வருவதற்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் என் வீட்டுக்கு வந்தாள். வலது கை முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. எண்ணெய் பட்டுவிட்டது என்றாள். சமையலில் கவனம் வேண்டும் என்று சொன்னேன்.

"சார், ஒண்ணு சொல்லணும். அஞ்சு தடவ உக்காந்து அந்த அப்ளிகேஷனத் திருத்திக் குடுத்தீங்க. ஒரு பதில்கூட வாங்க முடியல என்னால. எங்கயோ நான்தான் தப்புப் பண்ணிருக்கேன். உங்க உழைப்ப வீணாக்கிட்டேன். அத உங்ககிட்டச் சொல்லாம அங்க எனக்கு இருப்பே கொள்ளல."

பிறகு, மிச்சமிருந்த ஆறு கதைகளையும் முடித்துத் தந்துவிட்டுத்தான் போவேன் என்று கணினி முன்னால் உட்கார்ந்தாள். என் கணினிதான். இடது கையால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். மூன்று மணி நேரம் ஆனது. ஓர் இடத்திலும் நிறுத்தி, நரி இப்படிப் பேசாது என்று சொல்லவில்லை. எழுந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அவளை நான் அப்போதே மனமார மன்னித்துவிட்டேன், சாய்பிரசாத். இந்தத் தாள்களை அவளிடம் காட்டும்போது அதையும் சேர்த்துச் சொல்லிவிடு.