ஒரே மாதிரி ஆறு எஞ்சின்

"ஹலோ… ஹலோ, அண்ணி… ஆங், அமல்தாஸ்தான் பேசறன்… கேக்கல அண்ணி, கோயில்ல மைக்கு போட்டுட்டாங்க. இருங்க, மாடிக்கு வந்துடறன்… ஆங். இப்ப சொல்லுங்க."

கீழே கோயில் ஒலிபெருக்கியில் ஜெபமாலை ஆரம்பமாகிவிட்டால் அமல்தாஸுக்கு மாடிதான் கதி. வில்லியனூருக்கு மேற்கே அந்தக் கிறிஸ்தவப் பங்கு கிராமத்தில் அவர் வீட்டு மாடியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அவர் மனைவி அதற்குப் பொம்மைக் கொட்டாய் என்று பேர் வைத்துவிட்டாள். உள்ளே ஒரு கண்ணாடி அலமாரி. அதில் ஐந்து நீராவி எஞ்சின்கள், பித்தளையில் செய்து கருப்படித்தவை, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்.

"ஆமா அண்ணி, நாயித்துக்கெழமதான்… ஆமா ஆமா, பத்து மணிக்கி. ரயில் கூடத்துக்காரங்க வந்து பாத்துட்டு, கையோட அலமாரில வச்சிடுவாங்க… வேனா? வேன் எதுக்கு?… அவ்ளோ பேரா வராங்க?… இல்ல இல்ல, வரட்டும். அண்ணன் பேரப் போடறாங்க, சொந்தக்காரங்க வராம எப்டி… ம்… ம்… போர்டுல அண்ணன் பேருதான் மொதல்ல. நான் சொல்லிட்டன்."

அண்ணி என்று அவர் கூப்பிடுகிற கஸ்தூரி கூடப் பிறந்தவனின் மனைவி அல்ல. பாகூர்ப் பக்கம் கரும்பு போடுகிற பலராமனின் மனைவி. பலராமன் போன மாதம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். இந்த வட்டாரத்தில் பொம்மை எஞ்சின் பைத்தியம் பிடித்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் போக, பாக்கி அமல்தாஸ்.

அதுவும் சாதாரணப் பைத்தியமில்லை. மீட்டர்கேஜ் காலத்து ஒரே வகை எஞ்சின்தான் இருவருக்கும் வேண்டும். ஆனால் ஒன்றைப்போல் ஒன்று இருக்கக் கூடாது. ஒன்றில் புகைபோக்கி குட்டை. ஒன்றில் விளக்கு உச்சியில், இன்னொன்றில் முகத்துக்கு நடுவே. ஒன்றில் புகையை ஒதுக்குகிற தகடுகள் உண்டு, அடுத்ததில் கிடையாது. ஒரே எஞ்சின் ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை எப்படி முகம் மாறியது என்று பார்த்ததும் தெரியவேண்டும். அப்படிப் பன்னிரண்டு சேர்க்க இரண்டு பேரின் பாதி ஆயுள் போயிற்று. ஐந்து இங்கே, ஏழு அங்கே.

டவுனில் புதிதாகத் திறக்கப்போகிற ரயில் காட்சிக்கூடத்தில் அந்தப் பன்னிரண்டையும் வரிசையாக வைக்க ஒத்துக்கொண்டிருந்தார்கள். கீழே இருவர் பேரும் போட்ட பலகை. ஒரே நிபந்தனை, வித்தியாசங்கள் அத்தனையும் வரிசையில் இருக்கவேண்டும். பலராமன் சாகிறவரைக்கும் ஆசைப்பட்டது அந்தப் பலகைக்குத்தான். செத்த மனுஷனுக்கு இனிமேல் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று அமல்தாஸ் நினைத்துக்கொண்டிருந்தார்.

"பொட்டியில பஞ்சி வச்சி அடுக்குங்க அண்ணி. சின்னச் சின்னக் கம்பியெல்லாம் கீது, ஒடிஞ்சிடும்… இன்னாது?… சரி பண்ணியாச்சா? எத்த சரி பண்ணிங்க?"

நின்றுகொண்டிருந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாரு, தமிழா?… எல்லாத்துக்குமா?… பெயின்ட்டா? இன்னா பெயின்ட்டு அண்ணி?… காருக்கு அடிக்கிறதா?… இருங்க இருங்க. மெதுவா சொல்லுங்க. லைட்டு எதுல மாத்துனான்?… ஏன்?… கோணலா இல்ல அண்ணி அது! அது அப்டித்தான்… இல்ல, ஒடியல. அது ஒடியவே இல்ல. அந்த எஞ்சின் செய்யறப்பவே அப்டித்தான்… போட்டோ கீதா? அனுப்பச் சொல்லுங்க. இப்பவே… போன வக்காதீங்க. அப்டியே இருங்க, பாக்கறன்."

பலராமனின் மகன் தமிழ்க்குமரனுக்கு மூலக்குளத்தில் ஒரு கார் பட்டறையில் பெயின்ட் அடிக்கிற வேலை. நசுங்கின காரைக் கொடுத்தால் ஷோரூமிலிருந்து வந்ததுபோலத் திருப்பிக் கொடுப்பான். அந்தக் கைதான் பலராமனின் எஞ்சின்கள்மேல் பட்டிருக்கிறது.

படம் வந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துண்டு விரித்து அதன்மேல் எஞ்சின்கள். பளபளவென்று ஒரே கருப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே உயரத்தில் புகைபோக்கி. எல்லாவற்றுக்கும் நடு முகத்தில் விளக்கு, சக்கரத்தில் ஒரே மாதிரி சிவப்புக் கோடு. புகைத் தகடு இல்லாதவற்றுக்குத் தகரத்தில் வெட்டி ஒட்டியிருந்தான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. எது எது என்று அமல்தாஸாலேயே சொல்ல முடியவில்லை.

"அண்ணி… பாத்தன்… பாத்தன் பாத்தன்… யாரக் கேட்டு பண்ணான் அண்ணி இத்த? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த எங்கிட்ட கேக்கக் கூடாதா?… அழகா? அழகா இருந்து இன்னாத்துக்கு! இதுங்க ஒண்ணுக்கொண்ணு வேற வேறயா இருக்கணும்னுதான நாங்க நாயா அலஞ்சோம்… எல்லாம் ஒண்ணு மாதிரி ஆயிட்ச்சே! அண்ணன் மட்டும் இருந்திருந்தாருன்னா, அவன் கைய ஒடிச்சிருப்பாரு!"

கீழே மைக்கில் ஜெபமாலையின் ஒரு பத்து முடிந்து அடுத்த பத்து தொடங்கியது.

"அண்ணி?… அண்ணி, கேக்குதா?… அழாதீங்க. வாயில வந்துட்ச்சி… இல்ல, கோவம் இல்ல… சொல்லுங்க, கேக்கறன்… ம்… கருமாதிலேர்ந்தேவா?… வேலைக்கே போலயா?… அண்ணன் ரூம்லயேவா… ம்… சோறு?… ம்…"

அவர் 'ம்' கொட்டிக்கொண்டே போனார். அப்பனும் மகனும் வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒருநாள் பலராமன் வீட்டில் அவர் எதிரிலேயே பையன் கேட்டிருக்கிறான், இந்த பொம்மைங்கள பாக்கற மாதிரி என்னை ஒருநாளாவது பாத்திருக்கியா என்று. பலராமன் பதில் சொல்லாமல் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நடுவில் புகுந்து ஒரு வார்த்தை சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்ததை நினைத்தால் அமல்தாஸுக்கு இப்போதும் கூசும். அந்தப் பிள்ளைதான், அப்பன் போனபிறகு அந்த அறைக்குள் உட்கார்ந்து, உடைந்ததாக அவன் நினைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கிறான்.

"புரியிது அண்ணி… எனக்கு புரியிது. அவனாண்ட நான் ஒண்ணும் கேக்க மாட்டன்… இல்ல, சத்தியமா… அண்ணி, ஒண்ணு. போட்டோல ஆறுதான கீது? ஏழாவது எங்க?… அதான், அண்ணன் தலமாட்டுல வச்சிருப்பாரே, மூஞ்சில லைட்டே இல்லாம… ஆமா, அத்தான்! அதுல கை வக்கலையே?… வக்கலயா? அப்பாடா…"

எழுந்தே விட்டார். விளக்கில்லாத அந்த எஞ்சினைத்தான் இருவரும் கடைசியாகக் கண்டுபிடித்தார்கள். பகலில் மட்டும் யார்டுக்குள் பெட்டி தள்ளுவதற்கென்று விளக்கே வைக்காமல் விட்ட எஞ்சினின் மாதிரி அது. அது ஒன்று தப்பியிருந்தாலும் கூடத்துக்காரர்கள் காலில் விழுந்தாவது ஒரு சின்ன வரிசைக்கு இடம் கேட்கலாம்.

"அத்த பத்திரமா எடுத்து வைங்க அண்ணி. யாரும் தொடவேணாம். நான் இப்பவே வண்டி எடுத்துக்குனு வரன்… ஏன்?… ஏன் அண்ணி, எங்க கீது?… அண்ணன் கையிலயா?…"

நின்ற இடத்திலேயே நின்றார்.

"எப்ப வச்சிங்க?… குளிப்பாட்டுன ஒடனேயா… நான் மால போட்டனே அண்ணி. காலத் தொட்டு கும்பிட்டன். கையப் பாக்கல… ஆமா, மாலைக்குள்ள மறஞ்சிருக்கும்… ஒடஞ்சதுன்னு… ம், லைட்டு இல்லன்னா ஒடஞ்சதுன்னுதான் நெனப்பாங்க… எரிஞ்சப்பறம்?… எலும்போடயா?… திருக்காஞ்சியிலயா வுட்டிங்க… ம்."

பலராமனின் அஸ்தியோடு அதுவும் சங்கராபரணி ஆற்றில் போயிருக்கிறது. பித்தளை உருகினாலும் உருகாவிட்டாலும் இனி அதைத் தேடி யாரும் ஆற்றில் இறங்கப் போவதில்லை. அமல்தாஸுக்கு அழுகை வந்தது. எஞ்சினுக்காகவா ஆளுக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை.

"தப்பில்ல அண்ணி… இல்ல, நெசமாத்தான் சொல்றன். அவரு ஆசையா வச்சிருந்தது அவரோட போச்சி. நீங்க சரியாத்தான் பண்ணியிருக்கீங்க… ம்… அழாதீங்க… யாரு, தமிழா? பக்கத்துலயா கீறான்?… குடுங்க."

தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தமிழு… ஆங், சித்தப்பாதான்… பாத்தன்டா. போட்டோ வந்துது… நல்லா கீதுடா… நெசமாத்தான். ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசமே தெரில… உங்கப்பாவா? அவரு இருந்தா இன்னா சொல்லுவாருன்னு கேட்டா… அசந்து பூடுவாருடா. வாயே தொறக்க மாட்டாரு… ஆமா… ஆமாண்டா… அழுவாத. ஆம்பளப் புள்ள… சரி, அழு. அழு, ஒண்ணும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போவது அவர் கண்முன் ஓடியது. கூடத்துக்காரர் வருவார். குனிந்து ஆறையும் பார்ப்பார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது கடைப் பொம்மை மாதிரி ஆகிவிட்டதே ஐயா என்பார். வேன் நிறைய வந்த சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். நடுவில் இந்தப் பையன் நிற்பான். அதற்கு மட்டும் இடம் கொடுக்கக் கூடாது என்று அமல்தாஸ் முடிவு பண்ணினார். பலகை போனால் போகட்டும்.

"தமிழு, ஒண்ணு சொல்லணும்டா… நாயித்துக்கெழம வேனெல்லாம் வேணாம்… இல்ல, நடக்காது. காலைல கூடத்துலேர்ந்து போன் வந்துது. அம்மாகிட்ட சொல்ல மனசு வரல… வேணாம்னுட்டாங்கடா… உன் வேலையா? அய்ய, உன் வேலைல இன்னாடா கொற! உங்கப்பாவுது ஒண்ணுகூட கொறயில்ல. என்னுதுதான்… ஆமா, என்னோட அஞ்சிதான் சரியில்லயாம். ஒண்ணு குட்டையா கீது, ஒண்ணு நெட்டையா கீது, லைட்டு ஒண்ணு மேல ஒண்ணு கீழ, ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே இல்லன்னுட்டாங்க… ஆமா, என்னாலதான் கெட்டுது. உன் மேல ஒரு தப்பும் இல்ல. அத்த மட்டும் மனசுல வச்சிக்காத."

நன்றாகத்தான் பொய் சொன்னோம் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு நிமிஷம்கூட அந்த நிம்மதி நிலைக்கவில்லை.

"இன்னாது?… என்னுதயும் நீயே சரி பண்ணித் தரியா?… இல்லடா… வேணாம் வேணாம், எதுக்கு உனுக்கு செரமம்… இல்ல, அது ரொம்ப பழசு. பெயின்ட்டு புடிக்காது… அத்தயும் சொரண்டி எடுத்துடுவியா… டேய், பட்டற வேல கெடக்கும். உங்க ஓனரு திட்டுவாரு… லீவு போட்டா?… தமிழு, கேளு. எனக்கு கூடமும் வேணாம் ஒண்ணும் வேணாம்டா, இருக்கற மாதிரியே இருக்கட்டும்… உங்கப்பா பேருக்காகவா… ம்… அப்பா பேரு போர்டுல வரணும், ஆமா… அம்மாகிட்ட குடு. குட்றா மொதல்ல."

ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்தார்.

"அண்ணி, அவனுக்கு எடுத்துச் சொல்லுங்க. என்னுது கெடக்குது, அவன் ஒடம்பப் பாக்கட்டும்… இன்னா பண்றான்?… ரூம்ல போயி டூல்ஸ் எடுக்கறானா… சிரிச்சானா? இப்பவா?… எத்தினி நாளா… ம்… சோறு போடச் சொல்லிக் கேட்டானா… அவனே கேட்டானா அண்ணி?…"

அந்தப் பக்கம் கஸ்தூரி பேசிக்கொண்டேயிருந்தாள். தட்டு வைக்கிற சத்தம்கூட அவருக்குக் கேட்டது. அலமாரிக்குள் ஐந்து எஞ்சின்கள், ஐந்து முகத்தோடு நின்றன. ஏழு இல்லாத ஐந்தை வைத்துக்கொண்டு யாருக்குக் காட்டுவது, யாரோடு உட்கார்ந்து பேசுவது? இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் ஆற்றில் கரைந்துவிட்டார்.

"அண்ணி… அவன் சாப்டட்டும். எழுப்பாதீங்க… ஸ்பீக்கர்ல போடுங்க, போதும்… தமிழு. சனிக்கெழம பட்டறைக்கி கொண்டாரன்… ஆமா, மூலக்குளத்துக்கேதான்… ஆமாண்டா, அப்பாவுது எப்டி கீதோ அப்டியே. அதே கலரு… எத்தினியா?… அஞ்சி… இல்லடா, ஒண்ணுகூட நிறுத்திக்கல. அஞ்சயும்தான்… ம். சாப்டு, மொதல்ல சாப்டு… வச்சிடறன்."

வைத்துவிட்டார்.