எல்லாப் படத்திலும் இடப்பக்கம் நிற்பவர்

தலைமை நாற்காலியைத் தன் இருப்பால் நிறைத்து, மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை என்று எங்களை இரண்டு முறை எடைபோடும் தெருச் சங்கத் தலைவர் சாம்பசிவன் மாமா அவர்களே! மகள் மீராவின் கல்யாணக் கவலையை நெற்றியில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் ஹரிநாராயணன் மாமா அவர்களே! கிழக்கேகோட்டைக் கடையைப் பூட்டிவிட்டு, இன்றைய காபிக்குச் சர்க்கரையும் கூட்டத்துக்குக் காரமும் தர வந்திருக்கும் கோலப்பன் மாமா அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே, நடுவரிசைத் தாய்மார்களே, கைபேசியைப் பார்த்தபடியே என்னைக் கவனிப்பதாக நடிக்கும் பின்வரிசை என் இனத்தவர்களே! நாற்காலிகள் எல்லாம் முடிந்த பிறகு, கதவோரத்து முக்காலியில் அமர்ந்திருக்கும் விஜயலக்ஷ்மி அத்தையே! உங்கள் அனைவருக்கும் ஸ்நேகாவின் நமஸ்காரம்.

இந்த ஸ்ரீவராகம் மண்டபத்தில் இன்று எதற்குக் கூடியிருக்கிறோம்? மீராவின் நிச்சயதார்த்தப் படங்களில், அவளுக்குப் பக்கத்தில், நாம் யாரும் அழைக்காத ஓர் உருவம் நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டார்கள், பயந்துவிட்டார்கள். பரிகாரம் செய்யாவிட்டால் கல்யாணமே யோசிக்க வேண்டியது என்கிறார்கள். பரிகாரத்தை முடிவு செய்யத்தான் இந்தக் கூட்டம். முடிவுக்கு முன்னால், படம் எடுத்தவள் என்ற முறையில் எனக்குப் பத்து நிமிஷம். அதோடு இன்னொன்றும் இன்று நடக்கிறது. அதற்குக் கூட்டம் போடவில்லை. கூட்டம் கலைந்ததும் விஜயலக்ஷ்மி அத்தை அம்பாசமுத்திரம் ரயில் ஏறுகிறார்கள். கல்யாணம் முடிந்த பிறகுதான் திரும்புவார்களாம். ஹரி மாமாவின் அக்கா, மீராவுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த அத்தை! எதற்குப் போகிறார்கள்? "ஒரு மாறுதலுக்கு" என்றார்கள். உருவத்துக்கும் ரயிலுக்கும் என்ன உறவு? அதைச் சொல்லத்தான் ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன். பிடுங்காதீர்கள்.

முதலில் என் கேமராவைப் பற்றி. அது கண்ணாடி இல்லாத கேமரா. சாம்பசிவன் மாமா, உங்களைச் சொல்லவில்லை! பழைய பெரிய கேமராக்களுக்குள்ளே பிம்பத்தைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் ஒரு கண்ணாடி இருக்கும், இதில் இல்லை. அதனால் உள்ளே இடம் நிறைய. இடம் நிறைய இருந்தால் என்ன செய்வோம்? வாடகைக்கு விடுவோம்! நான் ஒரு பழைய லென்ஸைக் குடிவைத்தேன். ஃபிலிம் காலத்து ரேஞ்ச்ஃபைண்டர் என்ற சின்னக் கேமராவின் அகலக்கோண லென்ஸ். உள்ளங்கைக்குள் ஒடுங்கும், ஆனால் ஒரு தெருவையே உள்ளே இழுத்துக்கொள்ளும். நடுவில் ஓர் அடாப்டர் வளையம் போட்டால் பழசும் புதுசும் கைகோக்கும். சம்பந்தம் முடிந்தது, ஜாதகம் யாரும் கேட்கவில்லை!

ஆனால் எந்தச் சம்பந்தத்திலும் ஒரு மனத்தாங்கல் உண்டல்லவா? இந்த லென்ஸின் பின்கண் மிகவும் நெருக்கமாக உள்ளே நுழைந்து உட்காரும். அங்கிருந்து ஓரங்களுக்குப் போகும் ஒளி, சாய்ந்து சரிந்து போகும். ஃபிலிம் சாதுவானது, சரிந்து வந்தாலும் வாங்கிக்கொண்டது. இன்றைய டிஜிட்டல் தகடு மிடுக்கானது. மேலே கண்ணாடிப் போர்வை வேறு போர்த்தியிருக்கிறது. நேராக வா என்கிறது. சரிந்து வந்தால்? ஓரங்கள் ஊதாவாகும். ஓரத்தில் நிற்கிறவர்களின் முகம் நனைந்த கோலம் போலக் கலையும். நிச்சயதார்த்தத்தில் பந்தலோரம் நின்ற ஒரு மாமி, "ஏன்டீ, எனக்கு மட்டும் கத்தரிக்காய்க் கலர்?" என்று கேட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா?

அந்த ஊதாவைப் போக்க ஒரு வைத்தியம் உண்டு. அதே லென்ஸால் வெறும் வெள்ளையை ஒரு படம் எடுக்க வேண்டும். அந்த வெள்ளையில் எங்கே இருள்கிறது, எங்கே நிறம் மாறுகிறது என்று பார்த்து, அந்தக் குறையை எல்லாப் படங்களிலிருந்தும் கம்ப்யூட்டர் கழித்துவிடும். இருண்ட இடத்தை வெளுப்பாக்கும். செய்தேன். ஊதா போயிற்று. மாமியின் முகம் மாமியிடமே திரும்பிற்று.

ஊதா போன இடத்தில் அது வந்து நின்றது.

நீங்கள் ஒரு படத்தைத்தான் பார்த்தீர்கள். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். மீரா மோதிரம் போட்டுக்கொள்கிறாள், இடப்பக்கம் அது. தாம்பூலம் மாற்றுகிறார்கள், இடப்பக்கம் அது. எல்லாரும் சாப்பிடப் போய்விட்ட பிறகு வெறும் மண்டபத்தை எடுத்திருந்தேன். ஆளில்லை, அரவமில்லை, மனையில் பூ மட்டும் கிடக்கிறது. இடப்பக்கம் அது, யாருக்கோ காத்திருப்பது போல. உயரம் மாறவில்லை. தலையின் சாய்வு மாறவில்லை. முகமும் இல்லை. புகை என்றால் கலையும், இது கலையவில்லை. மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்தது போல மங்கலாக ஒரு வெளிச்சம் மட்டும்.

"மக்ளே, எனக்க கடை வாசல்லயும் அவ நிக்கால்லா!" யார் அது? கோலப்பன் மாமாவா! ஆமாம் மாமா, உங்களுக்கு மட்டும் காட்டினேனே, கிழக்கேகோட்டை பஸ் நெரிசலில், உங்கள் கடை வாசலில், அத்தனை பேர் இடித்துத் தள்ளிக்கொண்டு போகிற இடத்தில், அது மட்டும் இடிபடாமல் நிற்கிறது. என்ன சொல்கிறீர்கள்? "நின்னா நிக்கட்டு, அன்னைக்கு யாவாரம் நல்லாத்தான் இருந்தது!" சிரியுங்கள், சிரியுங்கள். விழிஞ்ஞத்துக்கு நான் போன கதையைக் கேட்ட பிறகும் சிரிக்க முடிகிறதா பார்ப்போம்.

விழிஞ்ஞத்தில் காலை வெயில். ஒரு பக்கம் மீன்பிடிப் படகுகள், மறுபக்கம் புதுத் துறைமுகத்தின் ராட்சதப் பாரந்தூக்கிகள். கடலை மட்டும் எடுத்தேன். வெறும் தண்ணீர். வீட்டுக்கு வந்து வெள்ளையைக் கழித்தேன். அது கடல் மேல் நின்றது. படகில் அல்ல, பாறையில் அல்ல. தண்ணீர் மேல், பாதம் நனையாமல், கரையைப் பார்த்தபடி. என் பக்கத்தில் அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியில் ஸ்கூட்டர் போனது. பட்டப்பகல். ஆனாலும் என் கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டது போல இருந்தது. இந்தத் தெருவில் பயமுறுத்துவது என் தொழில்; என்னைப் பயமுறுத்தியது யார்?

மறுநாள் கோவில் கோபுரத்தை எடுத்தேன். உயரமான கோபுரம், கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பி எடுத்தேன். வீட்டில் வந்து திறந்தால், அது நிற்கவில்லை. கோபுரத்துக்கு மேலே வானத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது! பெருமாளே படுத்திருக்கிற ஊர்தான், அதற்காக இதுவுமா?

அங்கேதான் எனக்குப் பயம் போயிற்று, பெரியோர்களே. ஏன்? பேய் என்றால் அதன் இஷ்டத்துக்கு நிற்கும், அதன் இஷ்டத்துக்குப் படுக்கும். நான் கேமராவைச் சாய்த்தால் கூடவே சாய்கிற பேய் உண்டா? அது மண்டபத்தில் இல்லை. கடலில் இல்லை. வானத்தில் இல்லை. என் வைத்தியத்தில் இருக்கிறது. அந்த வெள்ளைப் படத்தில் இருக்கிறது!

திறந்தேன். ஹரிநாராயணன் மாமா வீட்டுக் கொல்லையில், கொடியில் காய்ந்த மாமாவின் வேட்டிதான் என் வெள்ளை. வேட்டிக்குப் பின்னால் காலை வெயில். வெயிலுக்கும் வேட்டிக்கும் நடுவே, இடது ஓரத்தில், ஒரு நிழல். மனித நிழல். லேசாக நீலம் பாரித்த நிழல்; கம்ப்யூட்டர் அதையும் லென்ஸின் குறை என்று எண்ணி எல்லாப் படங்களிலும் கழித்திருக்கிறது. இருளைக் கழித்தால் என்ன வரும்? வெளிச்சம்! நீலத்தைக் கழித்தால் என்ன வரும்? மஞ்சள்! நிழலாய் நின்றவர் ஒளியாய் வந்துவிட்டார்.

"அப்போ பேயில்லை, அத்தோட தீர்ந்துதே!" என்கிறீர்களா சாம்பசிவன் மாமா? தீரவில்லையே மாமா. பயமே இங்கேதான் ஆரம்பம்.

வேட்டியை நான் ஒரு தரம் எடுக்கவில்லை. லென்ஸின் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பல தரம் எடுத்தேன். எல்லாவற்றிலும் அந்த நிழல் அதே இடத்தில். ஓர் அங்குலம் அசையவில்லை. துணி எடுக்க வந்தவர் என்றால் எடுத்துக்கொண்டு போயிருப்பார். பேச வந்தவர் என்றால் பேசியிருப்பார். காய்கிற துணிக்குப் பின்னால், மூச்சை அடக்கி, உயிருள்ள ஒருவர் ஏன் அப்படி நிற்க வேண்டும்?

கேட்டேன். அந்த வீட்டிலேயே இருக்கிற விஜயலக்ஷ்மி அத்தையிடம், கொல்லையில் அன்று நின்றது யார் என்று கேட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொன்னார்கள்.

"நானாக்கும் அது. நீ கேமராவைத் தூக்கினியோல்லியோ, ஒதுங்கிண்டேன்."

"எதுக்கு அத்தை ஒதுங்கணும்?"

"அது என்ன கேள்வி? சுப காரியப் படம் எடுக்கறே. நான் குறுக்கே நிக்கப்படாதே."

"அன்னிக்கு வேஷ்டியைத்தானே எடுத்தேன்!"

"அது எனக்கெப்படி அறியும்? கேமராவைக் கண்டா கால் தானே போயிடும். கிளிக் சத்தம் நிக்கட்டும்னு நின்னேன். நீ நிறுத்தவே இல்லை, படுபாவி."

கேட்டீர்களா? கேமராவிலிருந்து ஒளிய, கேமரா பார்த்துக்கொண்டிருந்த துணிக்குப் பின்னாலேயே போய் நின்றிருக்கிறார்கள்! ஒளி என்றால் வெளிச்சம்; ஒளி என்றால் மறைந்துகொள். இரண்டையும் ஒரே நொடியில் செய்தவர் இந்த உலகத்தில் எங்கள் அத்தை ஒருவர்தான்.

அத்தை கணவரை இழந்து எத்தனை வருஷம் ஆயிற்று? இந்தத் தெருவில் எத்தனை சீமந்தம், எத்தனை பூணூல், எத்தனை கிருகப்பிரவேசம்? அத்தனைக்கும் அவியலுக்கு நறுக்கிய கை யாருடையது? குழந்தையை வாங்கிக்கொண்ட இடுப்பு யாருடையது? "எல்லாரும் வாங்கோ, போட்டோ!" என்று குரல் வந்ததும் எல்லார் கைப்பையையும் வாங்கிக்கொண்டு ஓரமாய்ப் போனவர் யார்? உங்கள் வீட்டு ஆல்பங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்றில், ஒரே ஒன்றில், அந்த முகம் இருக்கிறதா? என் வீட்டிலும் தேடினேன். இல்லை. இருந்தால்தானே அந்த நிழலை நமக்கு அடையாளம் தெரிந்திருக்கும்? நம்மோடு ஒரே சமையலைச் சாப்பிட்ட ஒருவரைப் பார்த்துத்தான் இந்தத் தெரு முழுக்கப் பேய் என்று நடுங்கியது. எனக்குக் கடல் மேல் நின்ற உருவத்தைவிட இதுதான் குலைநடுக்கம்.

ஹரி மாமாவிடம் அன்றே சொன்னேன். மாமா கொல்லைக் கதவைச் சாத்தினார். பிறகு, "அப்போ அக்காவோட நிழல்தான் மீரா மேல விழுந்திருக்கு. பேய்னாலாவது பரிகாரம் உண்டு. இது வெளியே தெரிஞ்சா கல்யாணம் நின்னே போயிடும்டீ," என்றார். அன்று மாலையே டிக்கெட் எடுத்தாயிற்று. மாமா, முறைக்காதீர்கள். அத்தையிடம் கேட்டுக்கொண்டுதான் மேடையேறினேன். "சொல்லேன், கொழந்தையைப் பேய் பிடிச்சவள்னு சொல்றதுக்குப் பதிலா, என் நிழல்னே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், நாம் பயந்த பேய் இப்படித்தான் பேசுகிறது!

சரி. உங்கள் பயத்துக்கு நான் ஒரு பரிகாரம் கொண்டுவந்திருக்கிறேன். ஹோமம் வேண்டாம், தட்சிணை வேண்டாம். இன்று காலை வேறொரு வெள்ளை எடுத்தேன். பின்னால் யாருமில்லாத சுத்த வெள்ளை. இதோ மேஜை மேல் லேப்டாப். மீரா மோதிரம் போடுகிற படம் திறந்திருக்கிறது. இந்த ஒரு விசையைத் தட்டினால் பழைய வெள்ளை போகும், புதிய வெள்ளை வரும். அத்தை மண்டபத்திலிருந்து போய்விடுவார்கள். கடலிலிருந்து போய்விடுவார்கள். மீராவின் பக்கத்திலிருந்து, வந்த சுவடே இல்லாமல் போய்விடுவார்கள். நான் தட்டமாட்டேன். பயந்தவர்கள் வந்து தட்டுங்கள். யார் வருகிறீர்கள்? மாமா? மாமி? மாப்பிள்ளை வீட்டு மனிதர் ஒருவர் வந்திருக்கிறீர்களே, நீங்கள்?

ஒருவருமா இல்லை?

இல்லை, ஒருவர் எழுந்துவிட்டார். கதவோரம். ஐயோ, அத்தை, நீங்கள் ஏன் எழுந்தீர்கள்? உட்காருங்கள் அத்தை. வழி விடாதீர்கள், யாரும் வழி விடாதீர்கள்! விட்டுவிட்டீர்களே. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யார் மேலும் படாமல் ஒதுங்கி ஒதுங்கி வருகிறார்கள். தன்னை அழிக்கத் தானே வருகிறார்கள். மேடையேறிவிட்டார்கள். எது விசை என்று கேட்கிறார்கள். நான் காட்டமாட்டேன்.

விரலை நீட்டிய அத்தை நின்றுவிட்டார்கள். படத்தைப் பார்க்கிறார்கள். இதுவரை பார்த்ததில்லையே! யாராவது காட்டினோமா? ஏதோ சொல்கிறார்கள், ஒலிவாங்கிக்கு எட்டாது, நானே சொல்கிறேன்:

"இதா நான்? இவ்வளவு உசரமாவா இருக்கேன்?"

வேட்டிக்குக் கிட்டே போய் எடுத்த நிழல், மண்டபப் படத்தில் ஏன் உயரமாகத் தெரியும் என்பதற்கு என்னிடம் விளக்கம் இருக்கிறது. சொல்லமாட்டேன்.

விரல் விசைக்குப் போகவில்லை, தாய்மார்களே. திரையில் அந்த உருவத்தின் தோளைத் தொடுகிறது. மஞ்சளாக இருக்கிற இடத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறது. மீரா மேடைக்கு ஓடிவந்துவிட்டாள். அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டு மனிதரைப் பார்த்துச் சொல்கிறாள், இது ஒலிவாங்கியில்லாமலே எல்லாருக்கும் கேட்டிருக்கும்: "இந்தப் படத்தை இப்படியே பெரிசாப் பிரிண்ட் போடணும். கல்யாணத்தன்னிக்கு இதே இடத்துல அத்தை நிக்கணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்கோ, இன்னிக்கு ரயில்ல நானும் ஏறிக்கறேன்."

மாப்பிள்ளை வீட்டு மனிதர் என்ன செய்கிறார்? போனை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். நல்லதோ கெட்டதோ, போய்ச் சொல்லட்டும். மீரா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஹரி மாமாவும் எழுந்துவிட்டார். கோபமா? தெரியவில்லை. அக்காவைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார். மேடைக்கு வருகிறார். என்னிடம்தான் வருகிறார். அடிப்பதென்றால் ஒலிவாங்கியில் படாமல் அடியுங்கள் மாமா! இல்லை. கைபேசியை நீட்டுகிறார்.

"டிக்கெட்டை எப்படிடீ கேன்சல் பண்றது? எனக்கு இது அறியாது."

கொடுங்கள் மாமா, இது ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரியும்.

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்த சபைக்கும், இடையில் மணியடிக்காத தலைவருக்கும், பயத்தை மறைக்காமல் காட்டிய பெரியோருக்கும், கண்ணைத் துடைப்பதை மறைக்கப் பார்க்கிற தாய்மாருக்கும் என் மனமார்ந்த நன்றி. காபி ஆறுகிறது. எழுந்து வாருங்கள், அத்தைக்கு முதல் டம்ளர். நமஸ்காரம்!