கட்டைவிரல் பதித்த மாவு

மச்சான், உங்கள் மேல் பல்செட் தயாராகிவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் லேபுக்கு வந்தால் போட்டுப் பார்த்துவிடலாம். அதுவரை கெட்டியானது எதையும் கடிக்க வேண்டாம். யாரையும் கடிந்துகொள்ளவும் வேண்டாம், குறிப்பாக என்னை.

போன வாரம் அச்சு எடுக்க வந்தபோது, என் அலமாரியில் பல் வரிசைகளுக்கு நடுவே வெள்ளைப் பிளாஸ்டரில் ஒரு கட்டைவிரல் நிற்பதைப் பார்த்துவிட்டீர்கள். விரல் நுனியில் ரேகையைக் குறுக்காக வெட்டும் தழும்பு. அது உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? சின்ன வயதில் சைக்கிள் செயினில் தங்கையின் விரலை மாட்ட வைத்தவரே நீங்கள்தான். வாய் நிறைய அச்சுப் பசையோடு "இஹு ஆஓஹ இஹஹ்?" என்று கேட்டீர்கள். "பேசுனா அச்சு கலைஞ்சிடும் மச்சான்" என்று சமாளித்துவிட்டேன். பெரியவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டது பிறகு உறுத்தியது. அதனால் எழுதுகிறேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

ஆப்பிள் பை மாதிரி சுலபமான பண்டம் உலகத்தில் கிடையாது. கடையில் ஃப்ரீசர் பெட்டியில் மாவு தாளில் சுருட்டி விற்கிறது. பிரித்து விரிக்க வேண்டும். நடுவில் ஆப்பிளை நறுக்கி அடுக்கி, சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவி, ஓரத்தை உள்ளே மடித்து, ஓவனில் நாற்பது நிமிடம். தோல்கூடச் சீவ வேண்டாம். ஆனால் உங்கள் தங்கை கடை மாவை விரலால்கூடத் தொட மாட்டாள். "கையால பிசையாத மாவுல எங்கேருந்துங்க கைமணம் வரும்?" என்பாள்.

அவள் கைமணத்தை முதலில் அனுபவித்தவன் நான். என் கடைவாய்ப் பல் உடைந்தது. நான் பல் கட்டுகிறவனாக இல்லாமல் இருந்திருந்தால் செலவாகியிருக்கும்; எனக்கு நானே செய்து போட்டுக்கொண்டேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்றேன். இன்னொரு துண்டும் கேட்டேன்.

இந்த நிலையில் அவளுடைய கூரியர் ஆபீஸ் மேனேஜர் மனைவியோடு வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. கவுண்டரில் பார்சலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டி அலுத்துப்போன அவளுக்கு, அந்த மனிதர் முன் ஒருமுறையாவது தலை நிமிர வேண்டும் என்று ஆசை. முந்தின நாள் சாயங்காலமே மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, அதன் தலையில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தாள். மாவு ஓய்வெடுக்க வேண்டுமாம். நாள் பூராவும் நின்றுகொண்டே வேலை பார்த்த அவள் ஓய்வெடுக்கவில்லை.

காலையில் அவள் குளிக்கப் போனபோது உருண்டையை அமுக்கிப் பார்த்தேன். மேனேஜருக்கு ஐம்பத்தைந்து வயது, முன்பல் இரண்டும் ஆட்டம். ஓடிப்போய்க் கடை மாவு வாங்கி வந்து, அதே அளவு உருண்டை பிடித்து, அதே தாளில் சுற்றி, அதே இடத்தில் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. பாசத்தில் செய்தது.

அன்று மேனேஜர் மூன்று துண்டு சாப்பிட்டார். மனைவி செய்முறை எழுதி வாங்கிக்கொண்டு போனார். உங்கள் தங்கையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மச்சான். கல்யாணத்தன்று என்னைப் பார்த்தபோதுகூட அவள் முகம் அப்படி இல்லை.

அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவது, நீங்களே சொல்லுங்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு. நான்கு வருடம். அவள் உருண்டை முந்நூற்று எண்பது கிராம். கடை பாக்கெட் முந்நூறு. ஒன்றேகால் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் கூட. லேப் தராசில் நிறுத்துத்தான் வைப்பேன். எனக்குப் பிடிபடாதது அந்தக் கட்டைவிரல் பள்ளம் மட்டும்தான். என் விரல் தடிமன். அழுத்தினால் பள்ளம் அகலமாக விழும். அதனால் ஒருநாள் அவள் மாவில் விழுந்த பள்ளத்தையே அச்சாக வைத்து பிளாஸ்டர் ஊற்றினேன். பொய் எது நிஜம் எது என்று வாய்க்காரருக்கே தெரியாமல் பல் செய்கிறவன், ஒரு விரலா செய்ய முடியாது? சும்மா சொல்லக் கூடாது, தழும்புகூட விழுந்தது.

அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. மாவைத் தேய்க்கும்போது, "நல்லா ஓய்வெடுத்திருக்குங்க, சொன்ன பேச்சு கேக்குது" என்பாள். அவளுடைய நிஜ உருண்டை அந்நேரம் என் சாப்பாட்டுப் பையில் இருக்கும். மறுநாள் லேபில் உடைந்த பிளாஸ்டர் போடும் டிரம்மில் போட்டுவிடுவேன்.

நீங்களும் சும்மா இல்லை. ஒவ்வொரு முறையும் விரலைச் சப்பிக்கொண்டு, "எங்க அம்மா கை அப்படியே இவளுக்கு வந்திருக்கு மாப்பிள்ளை" என்றீர்கள். அது ஏதோ தொழிற்சாலை இயந்திரத்தின் கை மச்சான். உங்கள் மனம் நோகுமே என்று நான் சொல்லவில்லை.

பிறகு எனக்கு ஜுரம் வந்தது. நூற்று மூன்று டிகிரி. எழுந்து கடைக்குப் போக முடியவில்லை. அடுக்களையிலிருந்து, "இன்னிக்கு மாவு கொஞ்சம் முரண்டு பிடிக்குதுங்க" என்று குரல் வந்தது. உங்களை நினைத்துக் கவலையாக இருந்தது. உங்கள் பல் அப்போதே சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் நீங்கள் ஒரு வாய் வைத்துவிட்டுப் பேச்சை நிறுத்தினீர்கள். நீங்கள் பேச்சை நிறுத்தி நான் பார்த்தது அன்றுதான். "என்னம்மா இது, இன்னிக்கு எங்கயோ போயிடுச்சே" என்றீர்கள்.

எனக்கும் ஒரு துண்டு கட்டிலுக்கு வந்தது. விளிம்பு நாக்கில் பட்டதும் உதிர்ந்தது. வெண்ணெய் வாசனை ஜுர மூக்கிலும் ஏறியது. கடை மாவு அதற்குக் கிட்டேகூட வர முடியாது. அவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் முன்பா, மூன்று வருடம் முன்பா? சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். நான்தான் ருசி பார்க்காமல் டிரம்மில் போட்டுக்கொண்டிருந்தேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை, உண்மையைச் சொல்கிறேன். வருத்தமாக இருந்தது. நான்கு வருடம் அவளுடைய ஒவ்வொரு பாராட்டுக்குப் பின்னாலும் நான் நின்றிருக்கிறேன், யாருக்கும் தெரியாமல். அன்று அவள் என்னைக் கேட்காமலே பாராட்டு வாங்கிவிட்டாள். பொறாமை என்று நினைக்காதீர்கள். கட்டின மனைவி மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? அடுத்த ஞாயிறு எனக்கு ஜுரம் விட்டுவிட்டது. வழக்கம்போலக் கடைக்குப் போனேன்.

அதற்குள் நீங்கள் அன்றைய மிச்சத் துண்டைக் கொண்டுபோய் உங்கள் சிநேகிதி பேக்கரி அம்மாளிடம் கொடுத்திருந்தீர்கள். அந்தம்மா சொல்லி அனுப்பினார்: சனிக்கிழமை இதே மாதிரி ஒன்று செய்து கொண்டு வரட்டும், சரியாக இருந்தால் மாவு பிசையும் பகுதி முழுக்க இவள் பொறுப்பு. உங்கள் தங்கை அன்று ஆபீஸில் ஸ்டிக்கரைத் தலைகீழாக ஒட்டினாளாம். வீட்டுக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எனக்கு இது கிடைச்சா போதுங்க, வேற எதுவும் வேணாம்" என்றாள். வேற எதுவும் என்றால் அதில் நானும் சேர்த்தியா என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவள் சிரித்தாளே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தேன். பேக்கரி ஊரின் அந்தக் கோடி. விடியுமுன்னே கிளம்ப வேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும். அவளுக்கு முழங்கால் வலி வேறு. அவள் உடம்பை நான் பார்க்காமல் யார் பார்ப்பது? சனிக்கிழமை காலை அவள் குளிக்கப் போனதும் மாற்றி வைத்தேன். விரலையும் அழுத்தினேன். அவள் சுட்டதை எடுத்துக்கொண்டு பேக்கரிக்கு நானும் துணைக்குப் போனேன்.

பேக்கரி அம்மாள் ஒரு வாய் வைத்தார். இரண்டு முறை மென்றார். "இது பாக்கெட் மாவும்மா" என்றார். "நாக்குல மெழுகு மாதிரி ஒட்டுது பாரு. முப்பது வருஷமா மாவோட குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா என் கையால பிசைஞ்சதும்மா" என்றாள் உங்கள் தங்கை.

"பாக்கெட் வாங்குறது தப்பில்ல. அதுக்குச் சத்தியம் வேற பண்றியே. நீ எவ்வளவு கெட்டிக்காரியா வேணா இரு, இப்படிப் பேசுறவங்கள நான் அடுப்படிக்குள்ள விட மாட்டேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்களேன்."

சொன்னேன். "நேத்து சாயங்காலம் இவ பிசைஞ்சத என் கண்ணால பார்த்தேங்க" என்றேன். அதில் ஒரு எழுத்து பொய் இல்லை. பேக்கரி அம்மாள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "எனக்காக நீங்க பேசினீங்களே" என்றாள். மனம் நிறைந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு அவளே கடைக்குப் போய் ஒரு பாக்கெட் மாவு வாங்கி வந்தாள். பிரித்தாள், விரித்தாள், ஆப்பிளை அடுக்கினாள், சுட்டெடுத்தாள். நின்றபடியே ஒரு துண்டைத் தின்றாள். மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு.

"என்னங்க, இது அப்படியே நான் செய்றது மாதிரியே இருக்கு" என்றாள். "நாலு வருஷமா பிசைஞ்சு பிசைஞ்சு, கடைசில ஒரு பாக்கெட் அளவுக்குத்தான் வந்திருக்கேன். அந்தம்மா மேல தப்பே இல்லைங்க."

பிறகு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு ஜுரம் வந்த அன்னிக்கு மட்டும் வேற மாதிரி இருந்துச்சு. அதுதான் எனக்குப் புரியல. உங்களுக்குப் பொய் சொல்ல வராது, நீங்க சொன்னா நான் நம்புவேன். என் கைல ஏதாவது இருக்கா, இல்லையா?"

மச்சான், அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? தன் கை மேல் இருந்த நம்பிக்கை அவளுக்கு ஏற்கெனவே போய்விட்டது. உண்மையைச் சொல்லி, புருஷன் மேல் இருக்கும் நம்பிக்கையையும் நான் பறிக்க வேண்டுமா? அவளுக்கு அப்புறம் என்ன மிச்சம் இருக்கும்? முழுக்க முழுக்க அவளை நினைத்துத்தான் முடிவெடுத்தேன்.

"இல்லம்மா" என்றேன். "அன்னிக்கு ஏதோ குருட்டாம்போக்குல வந்துடுச்சு."

அவள் என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். நல்லவேளை, அந்த நேரத்தில் அவளுக்குத் துணையாக நான் பக்கத்தில் இருந்தேன்.