இருட்டிய பிறகு வந்த சாப்பாட்டு மெசேஜ்

திண்டிவனம், செஞ்சி ரோடு, சந்தைத் தெருவில் வசிக்கும் ஜெயமதி, வயது 41, க/பெ. சுதீஷ் என்பவர், தன் கணவரைக் காணவில்லை என்ற புகார் சம்பந்தமாகக் காவல் நிலையத்தில் ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்:

நான் மேற்கண்ட விலாசத்தில் என் கணவரோடு வசித்து வருகிறேன். அவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டி வைத்திருக்கிறார். நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம். என் கணவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி பிந்திவிட்டால் பசியோடு திரும்பி வருகிற ஆள்.

விழுப்புரத்தில் டிராவல்ஸ் நடத்தும் வல்லரசு என் கணவரின் சிநேகிதர். இருவரும் வாராவாரம் செஞ்சி மலை ஏறிப் பழகி, டிசம்பரில் நியூசிலாந்து போய்ப் பனிமலை ஏறுவதென்று ஒரு வருடமாகத் திட்டம் போட்டு வந்தார்கள். டிக்கெட் போட்டது வல்லரசு. என் கணவர் ஷூ, குளிர் கோட்டு இவற்றைப் பற்றிக் கவலைப்பட்டதைவிட விமானத்தில் எப்போது பொழுது சாயும் என்றுதான் அதிகம் கவலைப்பட்டார். சிங்கப்பூரில் விமானம் மாறிக் கிழக்கே போகப் போக சூரியன் ஜல்தியாக மறைந்துவிடும் என்று சொல்லி, அதற்குள் சாப்பிடக் கேப்பை மாவு உருண்டை பிடிக்கச் சொன்னார். அங்கே அந்த மாதத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெயில் இருக்கும் என்று தெரிந்ததும், "ஜெயா, ஒம்போது மணிக்கு நான் சாப்புட்டுக்கினு இருப்பேன் பாரு, ஒரு பாவமும் கெடையாது" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள், தனக்கு விசா கிடைக்கவில்லை என்று வல்லரசு சொன்னார். ஒரு வருடம் ஆசைப்பட்டவர் முகத்தில் துளி வருத்தம் இல்லை. எனக்கு அப்போதே சுருக்கென்றது. தனியாகப் போக வேண்டாம் என்று என் கணவரிடம் சொன்னேன், கேட்கவில்லை. மறுநாள் வல்லரசு தன் காரில் அவரை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போனார். நானும் வருகிறேன் என்றதற்கு, லக்கேஜுக்கே இடம் இல்லை என்றார். இருந்தது ஒரே ஒரு பை.

அதன் பிறகு என் கணவர் என்னோடு பேசவில்லை. நான் போன் செய்தால் கட் ஆகும், மலையில் சிக்னல் இல்லை என்று உடனே மெசேஜ் வரும். பேச்சுக்கு இல்லாத சிக்னல் மெசேஜுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அதன் பிறகு போன ஞாயிற்றுக்கிழமை நான் மத்தியானச் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, "இங்க நல்லா இருட்டிடுச்சு. இப்பதான் சாப்ட்டேன். தூங்கப் போறேன்" என்று அவர் போனிலிருந்து மெசேஜ் வந்தது. இங்கே உச்சிப்பொழுதாக இருக்கும்போது அங்கே இன்னும் வெயில் அடிக்கும் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அது போகட்டும். இருட்டிய பிறகு சாப்பிட்டேன் என்று என் கணவர் எழுதவே மாட்டார். எழுதியது வேறு யாரோ.

அதன் பிறகு விழுப்புரம் போய் வல்லரசைக் கேட்டேன். என்னை உள்ளே கூப்பிடாமல் கேட்டிலேயே நிறுத்தி, "அண்ணே மலையில ஜாலியா இருக்கறாரு. நீங்க ஏன் அண்ணி பேஜாராவுறீங்க?" என்றார். நான் நகராமல் நின்றதும், வேறு பெண் விவகாரமாக இருக்கலாம், வெளியே சொன்னால் மானம் போகும் என்றார். ஒரே மூச்சில் மலையும் சொல்கிறார், பெண்ணும் சொல்கிறார். அப்படி எவளோடாவது போயிருந்தால் நான் தலைமுழுகிவிட்டு நிம்மதியாக இருப்பேன், உயிரோடு இருக்கிறார் என்றாவது ஆகும். எவள் வீட்டில் இருந்தாலும் அவர் பொழுதோடுதான் சாப்பிடுவார்.

வல்லரசுக்கு இதில் என்ன லாபம் என்று எனக்குத் தெரியாது. என் கணவர் விமானம் ஏறினாரா என்று முதலில் விசாரிக்க வேண்டும். எனக்கு அவர் உயிரோடு வேண்டும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கணவரின் போனிலிருந்து, "ஸ்டேஷனுக்கு எதுக்குப் போன? வீட்டுக்குப் போ" என்று மெசேஜ் வந்தது. எழுதிக்கொண்டிருந்த உதவி ஆய்வாளர் இருதயமேரி அவர்களிடம் காட்டினேன். நான் இங்கே வருவது என் மாமனாருக்குக்கூடத் தெரியாது. காலையில் போனில் வல்லரசு ஒருவரிடம் மட்டும்தான் சொன்னேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) சு. ஜெயமதி