ஸ்டெப்னிக்கு அடியில் இருந்த செம்பு

என் பெயர் வாகீசன். வயது 35. மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் என் தாயார் இரஞ்சிதத்துடன் குடியிருந்து வருகிறேன். உச்சிப்புளி மெயின் ரோட்டில் ஹமீது பாய் நடத்தும் வாட்டர் சர்வீஸில் ஒன்பது வருடமாகக் கார் கழுவும் வேலை பார்க்கிறேன். என் மேல் இதற்கு முன் வழக்கு ஏதும் கிடையாது. அபிராமத்தைச் சேர்ந்த காளீஸ்வரன் என்பவரின் காரிலிருந்து ஒரு செம்பையும் அதற்குள் இருந்த பொருளையும் நான் திருடிவிட்டதாகப் புகார் வந்திருப்பதைச் சார்பு ஆய்வாளர் ஐயா சொல்லித் தெரிந்துகொண்டேன். நேற்று விசாரித்தபோது வாய் திறக்காத நான் இன்று சொல்ல முன்வந்த காரணம், மாலையில் முகாமுக்கு ஆள் அனுப்பி வீட்டைச் சோதனை போட்டு அம்மாவையும் விசாரிக்கப் போவதாக ஐயா சொன்னதுதான். திருட்டு வழக்கு வந்தால் வரட்டும். நான் செய்த காரியம் அம்மா காதுக்குப் போகக் கூடாது. அதற்காகவே ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சென்ற 26.08.2025 செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் காளீஸ்வரனின் மனைவி துர்காதேவி ஒரு வெள்ளைக் காரைக் கொண்டுவந்து விட்டார். பத்து வருடப் பழைய வண்டி. அதை இராமநாதபுரத்தில் ஒரு ஷோரூமில் கொடுத்துவிட்டுப் புது வண்டி எடுக்கப் போவதாகவும், வெள்ளிக்கிழமை எடுப்பதாக இருந்ததை விநாயகர் சதுர்த்தி நல்ல நாள் என்பதால் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டதாகவும் சொன்னார். "அவுக கையெழுத்தெல்லாம் போட்டுக் குடுத்துட்டு கோயமுத்தூர் போயிருக்காக தம்பி. வரும்போது புது வண்டி வாசல்ல நிக்கணும். உள்ள கெடக்குறது பூராம் பழங்குப்பைதான், ஒண்ணு விடாம எடுத்துப் போட்ருங்க" என்றார். அதன் பிறகு அவர் மண்டபத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அதன் பிறகு நான் வேலையைத் தொடங்கினேன். கடலோரத்து வண்டிகளை மேலே மட்டும் மினுக்கிக் காட்டினால் போதாது. விலை பேச வருகிறவன் பெயிண்டைப் பார்க்க மாட்டான், டிக்கியைத் திறந்து கார்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னிக்கு அடியில் உப்புத்துரு பிடித்திருக்கிறதா என்றுதான் விரலால் தடவிப் பார்ப்பான். அதனால் ஸ்டெப்னியை வெளியே எடுத்து அந்தக் குழியைச் சுரண்டிக் கழுவ வேண்டும் என்பது ஹமீது பாயின் கட்டளை. அவருடைய இன்னொரு கட்டளை, வண்டிக்குள் இருக்கும் திருநீற்றுப் பொட்டலம், எலுமிச்சம்பழம், தர்காவில் மந்திரித்த கயிறு எதுவானாலும் குப்பையில் சேர்க்கக் கூடாது என்பது. எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டு வைத்து மாதம் ஒரு தடவை கடலில் கொண்டுபோய் விடுவோம். அது என் வேலை.

பதினொரு மணி வாக்கில் ஸ்டெப்னியைத் தூக்கினேன். குழிக்குள் ஒரு செம்பு, சிவப்புத் துணி சுற்றி, ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் பழைய துண்டை முட்டுக் கொடுத்து வைத்திருந்தது. மறந்துபோய் விட்ட பொருளை யாரும் அப்படி வைக்க மாட்டார்கள். அது எனக்கு அப்போதே தெரிந்தது. கூடையில் போட எடுத்தவன், வாய்க்கட்டு தளர்ந்திருந்ததால் திறந்து பார்த்தேன். சாம்பலும், விரல் கணு அளவில் சில எலும்புத் துண்டுகளும் இருந்தன. மறுபடி கட்டிவிட்டேன்.

அதன் பிறகு துர்காதேவிக்குப் போன் செய்து, "டிக்கிக்குள்ள ஒரு செம்பு இருக்கு அக்கா, சிவப்புத் துணி சுத்தி" என்றேன். அவர், "ஏதாச்சும் கோயில் தீர்த்தமா இருக்கும். அங்கன கடல்ல விட்ருங்க தம்பி. நாலு மணிக்கு வண்டி வேணும்" என்றார். சாம்பல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பதறிப்போய்க் கணவருக்குப் போன் செய்திருப்பார், இவ்வளவும் நடந்திருக்காது. நான் சொல்லவில்லை. சொல்ல மறந்தேன் என்று நேற்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொய். அவர் கடலில் விடச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

அதற்குக் காரணம் சொல்கிறேன். 2006 ஆம் ஆண்டு ஆவணி மாதம், எனக்குப் பதினாறு வயதில், தலைமன்னாரிலிருந்து என்னையும் அம்மாவையும் படகில் ஏற்றிவிட்ட அப்பா, "நீங்கள் முன்னுக்குப் போங்கோ, நான் அடுத்த படகில வாறன்" என்றார். நாங்கள் வந்து சேர்ந்தோம். அடுத்த படகு வரவில்லை. அதில் வந்த ஒருவர் உடலும் கிடைக்கவில்லை. அம்மா இன்று வரை பொட்டை அழிக்கவில்லை, திவசம் என்ற பேச்சை வீட்டில் எடுக்க விட்டதும் இல்லை. "ஆளக் காணேல்லை எண்டால் செத்தது எண்டு அர்த்தமோ?" என்று கேட்பார். ஆடி அமாவாசைக்கு எங்கெங்கிருந்தோ சனம் இராமேஸ்வரம் வந்து தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுப் போகிறது. பக்கத்திலேயே இருக்கும் நான் போகக் கூடாது என்று, அன்றைக்கு மட்டும் விடியுமுன் எழுப்பி வேலைக்குத் துரத்துவார். பத்தொன்பது வருடமாக அவருக்குப் பயந்து நடந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வண்டியைக் கொடுத்தேன். துர்காதேவி சுற்றிவந்து பார்த்துவிட்டு, புதுசு மாதிரி ஆக்கிவிட்டதாகச் சொன்னார். அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செம்பைக் கூடையில் போட்டேன், எடுத்தேன், அலமாரியில் வைத்தேன், வீட்டுக்குப் போகப் பஸ் ஏறப் போனவன் திரும்பி வந்து இருக்கிறதா என்று பார்த்தேன். யாருடைய சாம்பல் என்று கேட்டுவிட வேண்டும் என்று இரண்டு தடவை போனை எடுத்தேன். கேட்டால் ஒரு பெயர் சொல்வார்கள். பெயர் வந்துவிட்டால் சாம்பல் அந்தப் பெயருக்கு உரியவருடையதாகிவிடும். எனவே கேட்கவில்லை.

புதன்கிழமை காலை ஹமீது பாயிடம் உடம்புக்கு முடியவில்லை என்று பொய் சொல்லி, செம்பைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு இராமேஸ்வரம் போய், அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டுக் கரையில் இருந்த ஒரு புரோகிதர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் யாருக்கு என்று கேட்டார். "அப்பாவுக்கு" என்றேன். "பேர் சொல்லுங்கோ" என்றார். செல்வராசா என்றேன். தவறிய நாள் கேட்டார். நாங்கள் படகு ஏறிய நாளைச் சொன்னேன். வருடத்தைச் சொன்னதும் அவர் செம்பை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல அப்பா பெயரை மூன்று தடவை சொன்னேன். அதன் பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, திரும்பிப் பார்க்காமல் செம்பைத் தோளுக்குப் பின்னால் கவிழ்த்துவிட்டேன். கரையேறி டீக்கடையில் உட்கார்ந்து அழுதேன். ரொம்ப நாள் கழித்து நன்றாகப் பசித்தது, நாலு இட்லி சாப்பிட்டேன். செம்பைக் கழுவி, மறுநாள் வேலைக்கு வந்தபோது ஹமீது பாய் கடை அலமாரியிலேயே வைத்தேன். அதைத்தான் ஐயா நேற்றுக் கைப்பற்றினார்கள்.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, கோயமுத்தூரிலிருந்து திரும்பிய காளீஸ்வரன் ஷோரூமில் பழைய வண்டியைத் திறந்து பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். "ஏலே, ஸ்டெப்னிக்கு அடியில இருந்த செம்ப எங்க?" என்று கேட்டு என் சட்டையைப் பிடித்தார். அலமாரியைக் காட்டினேன். காலியாக இருந்ததைப் பார்த்ததும் சட்டையை விட்டுவிட்டு, கழுவின தண்ணீர் ஓடுகிற தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே என்ன இருந்தது என்று ஹமீது பாய் எத்தனை கேட்டும் சொல்லவில்லை. ஸ்டேஷனிலும் மனைவி பக்கத்தில் நின்றதால் 'பொருள்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அதைத் தங்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். முகாம்காரன் என்றதும் அந்த நினைப்புக்குக் கை கால் முளைத்துவிட்டது.

இன்று மதியம் நான் நடந்ததைச் சொன்னபின் ஐயா அவரைத் தனியாக அழைத்து என் முன்னால் உட்கார வைத்தார்கள். அவர் தன் தகப்பனார் சாம்பலைப் பற்றி, "போன தை அமாவாசைக்கே கரைச்சாச்சுன்னு வீட்டுல சொல்லிட்டேன். கடக்கரை வரைக்கும் போனேன், கை வரல. எங்க அய்யா வாங்குன வண்டி, அவரு பாட்டுக்கு அதுலயே இருக்கட்டும்னு வச்சிருந்தேன். வெள்ளிக்கெழமைக்கு முன்ன எடுத்துரலாம்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "அய்யா பேரு ஒனக்குத் தெரியாதே. என்ன பேரச் சொல்லி விட்ட?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர், "எங்க அய்யா பேரு உக்கிரபாண்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். புகாரை அவர் இன்னும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

செம்பைத் திருப்பிக் கொடுக்க முடியும். உக்கிரபாண்டி ஐயாவை என் தகப்பன் பெயரில் அனுப்பியதை எப்படித் திருப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. எந்தச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதோ அதன்படி தண்டனை கொடுக்கட்டும். இந்தத் தாளை அம்மாவிடம் மட்டும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

நான் சொன்னதை எழுத்தர் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார், சரியாக இருந்தது. கையெழுத்துக்குக் கீழே போடத் தகப்பனார் பெயரைக் கேட்டார், சொன்னேன். இருக்கிறாரா, லேட்டா என்று கேட்டார். முகாம் பதிவேட்டில் பத்தொன்பது வருடமாகக் 'காணவில்லை' என்றுதான் இருக்கிறது. லேட் என்றே எழுதிக்கொள்ளச் சொன்னேன். இதில் கண்ட எல்லாம் யார் தூண்டுதலும் இல்லாமல் நான் மனதறியச் சொன்ன உண்மை.

(ஒப்பம்)
வாகீசன்
த/பெ லேட் செல்வராசா
30.08.2025