உள்பக்கம் திருகு வைத்த ஜன்னல்

உங்கள் ஸ்டேஷன் ஜன்னல் நன்றாக இருக்கிறது சார். உள்ளே வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். கம்பியைச் சுவருக்குள் விட்டு சிமெண்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள். திருகே கிடையாது, கழற்றுகிற பேச்சே இல்லை. இந்த மரியாதையை ஒரு பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்திருந்தால் நீங்களும் நானும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நீங்கள் தமிழ் பேசுகிறவராக அமைந்ததும் சௌகரியம்தான். மலையாளத்தில் என்னையறியாமல் மரியாதையாகப் பேசிவிடுவேன். ஆபீசில் பழகின பழக்கம்.

பெயர் ஸ்வப்னா. பி.டெக். சிவில். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அம்மா பேச்சியம்மாள் கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற இதே பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். படித்து முடித்துப் பல கம்பெனிப் படிகளை ஏறி இறங்கினேன். எல்லாரும் அனுபவம் கேட்டார்கள். வேலை கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்? கடைசியில் அம்மா ஓய்வு பெற்ற பள்ளிக்கூடத்திலேயே ஆபீஸ் வேலை கிடைத்தது. சிவில் படித்தவள்தானே என்று கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் என் தலையில் கட்டினார்கள். அம்மாவுக்குத் தாங்காத பெருமை. தான் துடைத்த வராந்தாவில் மகள் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிறாளாம்.

கட்டடம் பழசு. மாடி வகுப்பு ஜன்னல்கள் பெரியவை, விளிம்பு பிள்ளைகளின் முட்டி உயரத்தில் இருக்கும். கம்பிகளை ஒரு மரச்சட்டத்தில் கோத்து, அந்தச் சட்டத்தை உள்பக்கமிருந்து நாலு திருகு போட்டு நிறுத்தியிருந்தார்கள். யாருடைய மூளையோ தெரியாது. மழையில் மரம் ஊறும், வெயிலில் சுருங்கும், திருகு ஆட ஆரம்பிக்கும். எந்தப் பையனும் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து காம்பஸை எடுத்தே கழற்றிவிடலாம்.

சேர்ந்த மாதமே தலைமையாசிரியர் கல்யாணராமன் சாரிடம் சொன்னேன். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார், எதையும் செய்யவும் மாட்டார்.

"நீ சொல்றது வாஸ்தவம்தாம்மா. காசு குடுக்க வேண்டிய மேனேஜர் காதுல ஏறணுமே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

அடுத்த வருஷம் வருவதற்குள் அஞ்சு விழுந்தாள். சத்துணவு சமைக்கிற பிரேமா அக்காவின் மகள், ஐந்தாம் வகுப்பு. சாய்ந்தாள், சட்டத்தோடு சேர்ந்து கீழே போனாள். மணல் குவித்திருந்த இடம், அதனால் ஒரு காலோடு போயிற்று. இன்றைக்கும் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறாள். மேனேஜர் ஆரஞ்சுப் பழம் வாங்கி அனுப்பினார். அந்த ஒரு ஜன்னலைப் பலகை அடித்து மூடினார்கள். மற்ற ஜன்னல்களில் ‘சாயக் கூடாது’ என்று எழுதி ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினேன். பிரேமா அக்கா மறுவாரமே வந்து சாம்பார் வைத்தாள். வேறென்ன செய்வாள்.

நான் உட்கார்ந்து டிசைன் போட்டேன். இரும்பு கிரில், சுவருக்குள் போகிற போல்ட், உள்ளே கழற்ற ஒன்றுமே கிடையாது. டீச்சர் கைக்கு மட்டும் எட்டுகிற உயரத்தில் ஒரு பின். தீ கீ பிடித்தால் அதை இழுத்து உள்ளிருந்து திறந்துகொள்ளலாம். வெளியாள் ஒருவனும் நுழைய முடியாது, உள்ளே இருக்கிற பிள்ளையும் விழாது. நல்ல டிசைன் சார். இப்போதும் சொல்வேன்.

ஜூன் மாத பி.டி.ஏ. கூட்டத்தில் அதைத் திரையில் போட்டுக் காட்ட அனுமதி கிடைத்தது. தலைவி ராஜஸ்ரீ மேடம், சாலை கடைத்தெருவில் பெரிய பாத்திரக்கடைக்காரர் வீட்டு மருமகள். நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது படத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. கதவு வீங்கி மூட முடியாமல் கிடந்த ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துத் தரையில் தண்ணீர் தேங்கியது. எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேனோ அதே ஜன்னல். இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நீ நம்ம பேச்சியோட மகளல்லே?" என்றார் ராஜஸ்ரீ மேடம், சிரித்த முகமாக. "அந்த வாரியல எடுத்து வெள்ளத்தக் கொஞ்சம் தள்ளிவிடு மோளே. ஆராவது வழுக்கி விழுந்துரப் போறாங்க."

தள்ளிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். யாருக்கும் அதில் சிரிக்கிற மாதிரி ஒன்றும் தெரியவில்லை. துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டு வந்தபோது கூட்டம் ஓணக் கொண்டாட்டத்துக்குப் போயிருந்தது.

அதை மனதில் வைத்துக்கொண்டு செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் அவ்வளவு சின்னப்புத்திக்காரி இல்லை. யோசித்தது வேறு விஷயம். அஞ்சு விழுந்தால் ஆரஞ்சு வருகிறது. கிரில் வர வேண்டுமென்றால் யார் விழ வேண்டும்? கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள், உங்களுக்கும் அதே விடைதான் கிடைக்கும். ராஜஸ்ரீ மேடத்தின் மகன் சுமந்த், ஏழாம் வகுப்பு.

எனக்கு அவனைப் பிடிக்கும் சார். இண்டர்வெல் மணி அடித்ததும் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து, முதுகைக் கம்பியில் சாய்த்து, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொள்வான், ராஜா மாதிரி. நான் அதட்டினால், "சாயக் கூடாதுன்னுதானே சேச்சி ஒட்டியிருக்கு, உக்காரக் கூடாதுன்னு இல்லையே" என்பான், சாய்ந்துகொண்டே. எனக்கும் ஒரு கை கப்பைக்கிழங்கு வறுவல் அள்ளித் தருவான். ஒருநாள் என் டிசைனை ஒரு காப்பி கேட்டான். ராக்கெட் செய்யத்தான் கேட்கிறான் என்று நினைத்துக் கொடுத்தேன்.

அந்தப் புதன்கிழமை பிள்ளைகள் வருவதற்கு முன்னால் மாடிக்குப் போய், அவன் உட்காருகிற ஜன்னலின் நாலு திருகையும் கழற்றினேன். சட்டம் விழவில்லை. ஊறின மரம், இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இவ்வளவு நாளாக நான் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

இண்டர்வெல்லில் அவன் சாய்ந்தபோது நான் கீழே ஆபீசில் இருந்தேன். எனக்குக் கேட்டது டிபன் பாக்ஸ் உருள்கிற சத்தம்தான். ஆம்புலன்சுக்கு போன் போட்டது நான். கல்யாணராமன் சார் சட்டையெல்லாம் நனைந்துபோய் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "இப்ப என்னம்மா பண்றது, நீயே சொல்லேன்" என்றார். அவர் என்னை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு கால் போதும் என்பதுதான் என் கணக்கு. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பையன் போய்விட்டான். அஞ்சு விழுந்த இடத்தில் மணல், இந்தப் பக்கம் கான்கிரீட். கோடை லீவில் முற்றத்துக்கு கான்கிரீட் போட்டது என் மேற்பார்வையில்தான். அன்றைக்கு ஏனோ அது ஞாபகம் வரவில்லை.

ஆனால் பலனைப் பாருங்கள். அடுத்த வாரமே மாடி முழுக்க கிரில் ஏறிவிட்டது. அஞ்சு இப்போது ஜன்னலோரத்தில் பயமில்லாமல் உட்காருகிறாள். திருகுகளை என் ஹேண்ட்பேக்கிலேயே வைத்திருந்ததால்தான் நீங்கள் என்னிடம் வந்து சேர்ந்தீர்கள். நல்ல பித்தளைத் திருகு சார், தூக்கிப்போட மனசு வரவில்லை.

நீங்கள் திரும்பத் திரும்ப அந்த லாரியைப் பற்றியே கேட்கிறீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன்.

ஆமாம், கிரில் லாரி அந்தப் புதன்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. அதுவரை யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் பீரியட் நடந்துகொண்டிருந்தது. நான்தான் கேட்டைத் திறந்துவிட்டேன். எல்லாம் என் டிசைன், அந்தப் பின் உட்பட. லாரியின் முன்னால் ஒரு ஃப்ளெக்ஸ்: ‘பிள்ளைகளின் பாதுகாப்புக்கு ராஜஸ்ரீ குடும்பத்தின் அன்பளிப்பு’. மேடமும் பின்னாலேயே காரில் வந்து இறங்கினார்.

"உன்ட படத்தக் காட்டி சுமந்த் ஒரு மாசமா ஒரே சல்யம். ஸ்வப்னா சேச்சி சொன்னா அது சரியாத்தான் இருக்கும்னு தின்னவிட மாட்டேங்கான். அதான் மேனேஜரை விளிச்சு நானே செஞ்சு தாரேன்னுட்டேன்" என்றார். பிறகு, "ஆளுகளுக்குச் சாயா வாங்கிக் குடு மோளே" என்றார்.

வாங்கிக் கொடுத்தேன். இண்டர்வெல்லுக்கு இன்னும் நேரம் இருந்தது. திருகுகள் பையில்தான் இருந்தன. மாடிப்படியில் பாதி ஏறி நின்றேன் என்று பியூன் மைதீன் இக்கா சொன்னாராமே, அது உண்மை. அங்கே நின்றால் கேட் தெரியும். அந்த ஃப்ளெக்ஸை அவிழ்த்து கேட்டுக்கு மேலே கட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு இறங்கி வந்து சாயா கிளாஸ்களைக் கழுவி வைத்தேன்.

செய்ததெல்லாம் பிள்ளைகளுக்காக என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்குக் கீழே, கிரில் டிசைன் ஸ்வப்னாவுடையது என்றும் சேர்த்துவிடுங்கள். அந்த ஃப்ளெக்ஸ் இன்னும் கேட்டில்தான் தொங்குகிறதாம். யாரையாவது அனுப்பிக் கழற்றச் சொல்லுங்கள் சார்.