அருவிக்காக வழக்காடிய விதவை

ஸ்டோவ்னர் நிலையத்தில் மெட்ரோ ரயிலில் ஏறிய இளம் தமிழ்த் தம்பதி என் எதிரே இருந்தார்கள். பெட்டியில் யாருக்கும் தமிழ் தெரியாதென்ற துணிவு அவர்களுக்கு. அவன் மடியில் நூறு வருடத்துக்கு முந்தைய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள்.

"செத்துப்போன பொம்பிளையிலை எனக்குப் பொறாமை வருமெண்டு நான் நினைக்கவேயில்லை" என்றாள் அவள்.

"இது என்ரை மாஸ்டர்ஸ் படிப்புக்கான ஆய்வு. தன்ரை அருவியைக் கொம்பனி எடுத்திட்டுதெண்டு வழக்குப் போட்ட விதவை அவ."

"அவ தோத்திட்டா எண்டு நேற்றுக் கண்கலங்கினீங்கள். எனக்கு வேலை போன அண்டைக்கு, 'அப்பீல் பண்ணும்' எண்டிட்டுச் சாப்பிடப் போனீங்கள்."

"கவலையெண்டு நீர் எனக்குச் சொல்லேல்லையே?"

"அவ வந்து சொன்னவவோ? பக்கம் பக்கமா வாசிச்சுத்தானே கண்டுபிடிச்சனீங்கள்?"

குறொன்லாண்ட் நிலையம் வரை அவன் பக்கம் புரட்டவில்லை.